ஏறின வாகனம்

என் தம்பி சென்றாயனுக்குக் கூழில் எவ்வளவு உப்புப் போட்டாலும் போதாது. அன்று காலை மலையடிவாரத்துக் காரவள்ளியில், மரத்தடியில் எல்லோருமாக உட்கார்ந்து ராகிக் கூழ் குடித்தபோதும் அவன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஆரய்யா கரைச்சது? மழைத்தண்ணி குடிச்சாப்பல இருக்குது."

விரதக்காரன் உப்பைப் பற்றிப் பேசக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். "விரதம் வயித்துக்குத்தான. நாக்கையும் எதுக்குக் கட்டிப்போடறீங்க?" என்று கேட்டுவிட்டு, கல் உப்பை விரலால் அள்ளிப் போட்டுக் கலக்கி மீதியைக் குடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வண்டியிடம் போனோம்.

இதை எழுதச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அடிவாரத்திலிருந்து வந்த போலீஸ்காரர் மலைப்பாதையில் நடந்த விபத்து என்று சொல்லிவிட்டு, கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டுப் போனார். அவர் கேட்டதற்கெல்லாம் உண்மையான பதிலைத்தான் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் என் வயதுக்காரர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சேந்தமங்கலத்தில் தங்கி ஐந்தாவது வரை படித்தேன். அந்த வருஷங்களில் காட்டு வேலை முழுவதும் சென்றாயன் தலையில் விழுந்தது. அதற்காக அவன் ஒருநாளும் முகம் கோணியதில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன் என்று உங்களுக்குத் தோன்றினாலும் தோன்றும். எனக்குப் பல நாள் அப்படித் தோன்றியிருக்கிறது.

மலைமேல் திருப்புலி நாட்டில் எங்கள் ஊருக்கு நான் ஊர்க்கவுண்டன். அப்பன் செத்தபின் தலைப்பாகை எனக்கு வந்தது. எங்கள் மலையில் அப்போது உருண்டு போகிற பொருள் என்று எதுவும் இல்லை. உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் தலைச்சுமையாக ஏறும். மிளகும் பலாவும் தலைச்சுமையாக இறங்கும். பேறுகாலத்தில் ஒருத்திக்குப் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டால் அவளைக் கம்பளியில் கிடத்தி, கம்பளியை மூங்கிலில் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பாதி வழியில் தூக்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவதும் உண்டு. என் மனைவியைத் தூக்கிப்போனவர்கள் அப்படித்தான் நின்றார்கள்.

ஆகவே ரோடு கேட்டேன். மலை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, எங்கள் ஆட்கள் தூக்கிய நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் சொன்னதைக் கேட்டார். கேட்டுவிட்டு ஏதோ சொன்னார். கூட வந்த குமாஸ்தா அதைத் தமிழில் சொன்னார்: "மலையில ஒரு சக்கரம்கூட இல்லை, ரோடு எதுக்குன்னு துரை கேக்கறாரு." நாற்காலி தூக்கியவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிக்க வேண்டும்போலும் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

மலைக்கு ஒரு சக்கரம் வந்துவிட்டால் ரோடு வந்தே தீரும் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. இப்போதும் இந்த யோசனையில் குற்றம் சொல்ல முடியாது. நான் செய்த எல்லாவற்றுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சேந்தமங்கலத்தில் யாக்கூப் பாய் இரண்டு பஸ் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது நடக்கிற உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம். நானும் சென்றாயனும் மிளகு கொண்டுபோனவர்கள், மழைக்கு அவருடைய கொட்டகையில் ஒதுங்கினோம். பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் ஏதோ இருந்தது. என்ன என்று கேட்டேன். பாய் தயங்கித் தயங்கித்தான் தார்ப்பாயை விலக்கினார்.

நாவற்பழ நிறம். முன்பக்கம் நீண்டு, பின்பக்கம் குறுகி, ஓடத் தயாராக இருக்கிற விலங்குபோல இருந்தது. விளக்குகள் ஆந்தைக் கண் மாதிரி. இத்தாலி தேசத்து வண்டி என்றார். அதன் பெயரை அவர் ஒரு விதமாகவும் அவருடைய டிரைவர் ஒரு விதமாகவும் சொன்னார்கள். ஒரு ஜமீன் பையன் கப்பலில் வரவழைத்து, ஒரு வருஷம் அதோடு மாரடித்துவிட்டுத் தள்ளிவிட்டுப் போனானாம். ஒரு ஜோடி நல்ல காளை வாங்குகிற விலை சொன்னார். அதையும் விற்க நினைத்துச் சொல்லவில்லை. நான் கேட்டேன் என்பதற்காகச் சொன்னார்.

"உங்களுக்கு வேண்டாமுங்க கவுண்டரே" என்றார். "இது மறுவூட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. உக்கார வெச்சு அழகு பாக்கலாம். ஒரு வேலை சொல்லக்கூடாது."

"ஓடுமா ஓடாதா, பாய்?"

"ஓடும். அதுக்குத் தோணுனா ஓடும். மழை பேஞ்சாத் தோணாது. வெயில் ஏறுனாத் தோணாது. மூணு டிரைவர் கைய வெச்சுப் பாத்தாச்சு. அதுல ஒருத்தன் பழனிக்குப் போயி மொட்டை போட்டு அங்கேயே உக்காந்துட்டான்."

சென்றாயன் சிரித்தான். "அப்ப எங்க ஊட்டுக்குத் தோதான வண்டிதான் பாய். எங்கண்ணனும் தோணுனாத்தான் காட்டுக்கு வருவாரு."

கழற்றிக் கொண்டுபோக முடியுமா என்று நான் கேட்டேன். "கழட்டலாமுங்க. கழட்ட நம்ம பசங்களே போதும். திரும்பப் பூட்டறதுக்கு இத்தாலியில இருந்து ஆள் வரோணும்" என்றார் பாய்.

பிறகு, நான் கேட்டதற்காக, டிரைவரைக் கூப்பிட்டுக் கிளப்பிப் பார்க்கச் சொன்னார். கிளம்பாது என்று எனக்குக் காட்டுவதுதான் அவர் எண்ணம். அன்று அது முதல் சுற்றிலேயே கிளம்பிவிட்டது. மழையிலேயே கிளம்பியது. டிரைவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். ஏரிக்கரைவரை போய்த் திரும்பினோம். அந்த ஓட்டத்தைப் பற்றி நிறையச் சொல்ல விருப்பமில்லை. ஆசனத்தில் ஒரு வாசனை இருந்தது. என் உடம்பு அதற்குள் அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டையும் மலையையும் கம்பளியில் செத்தவளையும் நான் நினைக்கவில்லை. ஏரிக்கரையில் இன்னும் நாலுபேர் நின்றிருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

கொட்டகைக்குத் திரும்பியபோது யாக்கூப் பாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "அல்லா. இது உங்களை ஏமாத்துதுங்க கவுண்டரே" என்றார். வண்டி விற்கிறவன் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா. அவர் பேரில் எந்தத் தப்பும் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மலை ஏறும்போது சென்றாயன் பின்னாலேயே வந்தான். வழியில் ஒரு இடத்தில், "அண்ணா, அந்த ஆசனம் மாட்டுத்தோலு" என்றான்.

"ரப்பர் துணி."

"எனக்கேவா? மோந்து பாத்துட்டுத்தான் சொல்றேன். கன்னுக்குட்டித் தோலு. மழைக்கு ஊறி நாத்தம் வேற."

தோல் என்பது எங்களிடம் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் சாமிக்குப் பக்கத்தில் தோல் போகாது. திருவிழா சாட்டிவிட்டால் செருப்பு மட்டுமல்ல, தோல்வார் வைத்த பையைக்கூட ஊர் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டு வருவார்கள். சாமியைத் தூக்குகிறவன் உடம்பில் தோல் பட்டால் அவன் விரதம் போயிற்று. தெரிந்து பட வைத்தவனை ஊரை விட்டு ஒதுக்குவார்கள். நெருப்புக்கும் தண்ணீருக்கும்கூட யாரும் அவன் வாசலுக்கு வரமாட்டார்கள். நான் ஊர்க்கவுண்டனாக இருந்து இரண்டு பேரை அப்படி ஒதுக்கியிருக்கிறேன்.

இத்தனை தெரிந்தும் நான் செய்தது இது. சாமிக்குத் திருவிழாவில் ஏற ஒரு மரக்குதிரை இருந்தது. அந்த வருஷம் கரையான் அதன் வயிற்றைத் தின்று தீர்த்திருந்தது. புதுக்குதிரைக்கு எந்த மரம், யார் செதுக்குவது என்று ஊர்க்கூட்டத்தில் மூன்று மாதமாகச் சண்டை. நான் எழுந்து, சாமிக்கு வாகனம் நான் வாங்கித் தருகிறேன், இரும்பு வாகனம், கரையான் பக்கத்தில் வராது என்றேன். பெண்கள் குலவையிட்டார்கள். அது முழுப் பொய் இல்லை. வருஷத்தில் ஒருநாள் சாமி அதில் ஏறிப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். மற்ற நாளெல்லாம் அது என் வீட்டு வாசலில் நிற்கும். சாமிக்கென்று சொல்லாவிட்டால் நாற்பது ஐம்பது பேரைக் கூலிக்குப் பிடிக்க என்னால் ஆகாது. கூலி கொடுத்தாலும் ஒரு மனிதன் உட்காருவதற்காக ஒரு பொருளை மலை ஏற்ற யாரும் தோள் கொடுக்கமாட்டார்கள். சாமிக்கென்றால் விரதமிருந்து வருவார்கள்.

வந்தார்கள். அறுப்பு முடிந்ததும் பாதையை வெட்டி அகலப்படுத்தினார்கள். கல்லைப் பெயர்த்தார்கள். அப்பாசாமி என்று ஒரு பெரியவர், நோயாளி தூக்கியே தோள் காய்த்துப்போனவர், வடம் திரிக்க நார் ஊறப்போட்டார். நான் ஆசனத்தின்மேல் மஞ்சள் துணி போட்டு இறுக்கித் தைக்கச் சொன்னேன். யாரும் துணியைத் தொடக்கூடாது, தொட்டால் தீட்டு என்றேன். சென்றாயன் என்னைப் பார்த்தான்.

"சாமி கேட்டா நீயே பதில் சொல்லிக்க" என்றான். அதற்குமேல் அவன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய மனைவி கண்ணாயியிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணன் மானம் அவனுக்கு அவ்வளவு.

வண்டி சேந்தமங்கலத்திலிருந்து சொந்தக்காலில் கிளம்பி, பாதி வழியில் நின்றுபோய், மாடு கட்டி இழுத்துக் காரவள்ளி சேர்ந்தது. மாடு இழுக்க மோட்டார் வருவதைப் பார்த்து அடிவாரத்து ஊரே சிரித்தது. எங்கள் ஆட்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது வாகனம். வாகனத்துக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினோம். அதிலிருந்து ஒரு விதி பிடித்துக்கொள்ளும். மாலை போட்டு மலை ஏறத் தொடங்கிய வாகனம் சாமி வாசலுக்குப் போகிறவரை ஓரடிகூடக் கீழே இறங்கக்கூடாது. களைத்தால் நிற்கலாம். பின்னால் நகரக்கூடாது. அதற்காக ஊர்க்கவுண்டன் குடும்பத்தில் ஒருவன் பின்னாலேயே வந்து சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்துக்கொண்டு வரவேண்டும். ஊர்க்கவுண்டன் முன்னால் மணி அடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆகவே நான் முன்னால் போனேன். சென்றாயன் பின்னால் வந்தான். இந்த ஏற்பாட்டை நான் செய்யவில்லை. எங்கள் தாத்தனுக்கும் முந்தி வந்த ஏற்பாடு.

கூழ் குடித்துவிட்டுத் தொடங்கியவர்கள் உச்சிவெயில் சாய்வதற்குள் பாதிக்குமேல் ஏறிவிட்டோம். முன்னால் இரண்டு வடம் கட்டி இழுத்தார்கள். படி வந்த இடத்தில் மூங்கில் கொடுத்துத் தூக்கினார்கள். பின்னால் சென்றாயனுடைய குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஏனுங் மாமா, வடத்தை இழுக்கறீங்களா, வடத்தைப் பிடிச்சுத் தொங்கறீங்களா?" என்பான். அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே அவனைத் திட்டுவார்கள். மணி அடிக்கிற கை எனக்கு வலிக்கவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் திரும்பி, வெயில் அதன்மேல் எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டேன்.

வழுக்குப்பாறையில் மூடுபனி இறங்கிக் கல் நனைந்திருந்தது. அங்கே பாதைக்கு ஒரு பக்கம் பாறை சுவர்போல நிற்கும். மறுபக்கம் பள்ளம். வடம் ஒன்று அறுந்தது. வண்டி பின்னால் நழுவி, வால்பக்கம் பாறையை நோக்கித் திரும்பியது. கட்டை வைக்கக் குந்தியிருந்த சென்றாயன் நிமிரப் பார்த்தான். குந்திய நிலையிலேயே வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் நெஞ்சோடு அகப்பட்டுக்கொண்டான். வண்டியின் மூக்கு பள்ளத்துப் பக்கம் திரும்பி, முன்சக்கரம் ஒன்று விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. மீதி இருந்த வடத்தை மேலே ஒரு மரத்தில் சுற்றிக் கட்டிவிட்டார்கள். எல்லாம் ஒரு மூச்சு நேரம். அந்தரத்தில் நின்ற சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சென்றாயன் உயிரோடு இருந்தான். முகம் வெளுத்திருந்தது. கை இரண்டும் வெளியே இருந்தன. ஒரு கையால் வண்டியைத் தட்டிக் காட்டினான், நகர்த்துங்கள் என்று.

மேல்நோக்கி இழுத்தால் வண்டி விலகும். ஆனால் ஒரே வடம்தான் இருந்தது, காலடியில் கல் வழுக்கியது. ஊருக்கு ஓடி வேறு வடமும் ஆளும் கொண்டுவர வேண்டும். இன்னொரு வழியும் இருந்தது. அப்பாசாமிதான் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"கவுண்டா, மூக்கு ஏற்கனவே வெளிய நிக்குது. வடத்தை அறுத்துட்டு, எல்லாருமா ஒரு தள்ளுத் தள்ளுனா வண்டி பள்ளத்துக்குப் போயிரும். பையன் வெளிய வந்துருவான். ஆனா ஏறின வாகனம்."

அவர் அழுதுகொண்டிருந்தார். சாமி வாகனத்தைப் பள்ளத்தில் தள்ளுகிற கை அவருக்கு இல்லை. அங்கிருந்த யாருக்கும் இல்லை. நான் சொன்னால்கூடச் செய்திருக்கமாட்டார்கள் என்று பிறகு நான் எண்ணிப் பார்த்து ஆறுதல் அடைந்ததுண்டு. ஆனால் நான் என்ன சொல்லியிருந்தால் செய்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இது சாமி வாகனம் இல்லை, ஆசனம் மாட்டுத்தோல், நான் ஏறிப் போக வாங்கினேன். இவ்வளவுதான். இதைச் சொல்லியிருந்தால் அவர்கள் அதைத் தொட்ட கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு, காலாலேயே உதைத்துத் தள்ளியிருப்பார்கள். பிறகு என்னை ஒதுக்கியிருப்பார்கள். தலைப்பாகை போயிருக்கும். வண்டி பள்ளத்தில் கிடந்திருக்கும். தம்பி இருந்திருப்பான்.

"வடம் வரட்டும்" என்றேன். "சாமி வாகனத்தை ஆரு தள்ளறது?"

ஆட்களை ஊருக்கு ஓடவிட்டேன். அதற்குள் கடப்பாரை போட்டு நெம்பிப் பார்க்கலாம் என்றார்கள். நெம்புவதற்கு முன்னால் கடப்பாரை முனையில் சாக்கைச் சுற்றச் சொன்னேன். இரும்பு இரும்பில் வழுக்கும் என்றேன். அது உண்மைதான், வழுக்கும். சாக்குத் தேடிக் கொண்டுவரச் சற்று நேரம் ஆயிற்று. நெம்பியும் அசையவில்லை.

நான் சென்றாயன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வண்டியின் அடியிலிருந்து கருப்பு எண்ணெய் சொட்டி அவன் வயிற்றில் வழிந்துகொண்டிருந்தது. ஆசனத் துணி ஒரு பக்கம் கிழிந்து, நனைந்த தோல் நாற்றம் அங்கெல்லாம் வீசியது. மற்றவர்கள் அதை என்ன வண்டியின் நாற்றமோ என்று நினைத்திருப்பார்கள். அவனுக்கும் எனக்கும் தெரியும். அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். மூச்சு மேலாகவே வந்தது. குரல் வரவில்லை. நான் காதைக் கொடுத்தேன்.

"சொல்லீரு அண்ணா" என்றான்.

எனக்குப் புரிந்தது. புரியாததுபோல அவன் தலையைத் தடவினேன். "வடம் வந்துட்டே இருக்குது, கண்ணு" என்றேன்.

அவன் மறுபடியும் சொன்னான். இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அப்பாசாமியைப் பார்த்து உதட்டை அசைத்தான். அப்பாசாமி குனிந்தார். "என்னமோ சொல்றானே, என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

"சாமியைக் கூப்பிடறான்" என்றேன்.

நான் சொல்ல வேண்டியிருந்தது இது ஒன்றுதான். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். அப்பாசாமி எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிச் சாமி பேரைச் சொன்னார். பாதையில் நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள். அவன் உயிரைக் காப்பாற்றச் சொல்லி, உண்மையாக, நெஞ்சு வெடிக்கச் சொன்னார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு அவன் பேசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. சிறுபிள்ளையில் நான் தேன் திருடித் தின்றுவிட்டு அப்பனிடம் பொய் சொன்னபோது, என் வாயோரத்தைப் பார்ப்பான் பாருங்கள், அந்தப் பார்வை. என் மேல் அவனுக்கு அருவருப்பு வந்ததை நான் கண்டேன். வெயில் முழுவதும் இறங்குவதற்குள் அவன் கண் நிலைகுத்திவிட்டது. வடம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வடம் வந்ததும் வண்டியை மேலே இழுத்தார்கள். அவனை மூங்கிலில் கட்டித் தூக்கிப்போனார்கள். மறுவாரம், சாமி வாகனம் பாதியில் நிற்கக்கூடாது என்று அவர்களே போய் அதை ஊர் சேர்த்தார்கள். கிழிந்த ஆசனத் துணியை அதற்கு முன்பே நான் தைத்து மூடியிருந்தேன். சென்றாயன் சாமிக்கு உயிர் கொடுத்தான், கடைசி மூச்சிலும் சாமி பேரைச் சொன்னான் என்று ஊரே பேசிற்று. அப்பாசாமி தன் காதால் கேட்டதாகச் சொன்னார். அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை. என் வாயிலிருந்து வந்ததைத் தன் காதால் கேட்டார்.

துக்கம் கேட்க யாக்கூப் பாய் மலை ஏறி வந்தார். கால் வீங்கிப்போய் வந்தார். வண்டிக்கு மாலையும் குங்குமமும் போட்டிருப்பதைப் பார்த்தார். மஞ்சள் துணியைப் பார்த்தார். அது எந்தத் தோலுக்குமேல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். போகும்போது, "குடுத்ததைத் திருப்பித் தந்தர்றேனுங்க கவுண்டரே. இதைக் கொளுத்திப்போடுங்க" என்றார். சாமி பொருளைக் கொளுத்த முடியுமா பாய் என்று கேட்டேன். அவர் என் கையைத் தொடாமல் இறங்கிப் போனார். பிறகு வரவில்லை. இப்போது பெட்ரோல் கிடைக்காமல் அவருடைய பஸ் கரிப்புகையில் ஓடுகிறதாகக் கேள்வி.

வண்டி மலைமேல் ஒரே ஒருமுறை கிளம்பியது. களத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடி, இருமி, நின்றது. பிறகு அதற்குத் தோன்றவே இல்லை. திருவிழாவில் ஆட்கள்தான் தள்ளுகிறார்கள். ரோடு வரவில்லை. துணிக்கு அடியில் தோல் அழுகி, எலி குட்டி போட்டு, புழு வைத்துவிட்டது. கோடையில் கிட்டே போனால் குமட்டும். ஊரார் அதை எண்ணெய் நாற்றம் என்கிறார்கள்.

அமாவாசைதோறும் கண்ணாயி வருகிறாள். வண்டிக்கு மஞ்சள் தெளித்து, அந்த ஆசனத் துணியில் நெற்றியை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். போன அமாவாசைக்கு, "மாமா, அவரு சாமியைக் கூப்பிட்டப்ப எப்படிக் கூப்பிட்டாரு, இன்னொருக்காச் சொல்லுங்க" என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு அது ஒன்றுதான் மிச்சம். அதையும் நான் பிடுங்கிவிடக்கூடாது என்றுதான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. இதுவும் நியாயமான யோசனை.

இனி யோசனை ஒன்றும் இல்லை. சென்றாயனை வண்டி கொல்லவில்லை, வடம் கொல்லவில்லை. நான் கொன்றேன். வெளியே சொன்னால் அவன் பிழைப்பான் என்று தெரிந்து, அவன் கேட்டும் சொல்லாமல், அவன் சொன்னதையும் மாற்றிச் சொல்லி, சாகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வண்டியைக் காலையில் நானே துடைக்கிறேன். சாமி பொருள் என்பதால் துடைக்கிறேன். நிறம் மங்கவில்லை. பின்பக்கத்தில், பாறை பட்டிருக்க வேண்டிய இடத்தில், ஒரு கீறல்கூட இல்லை.